தண்ணீரைப் பார்த்த வாசல்

போன வாரம் என் மச்சான் மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மண்டபமும் மச்சானுடையதுதான். சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, வாய்க்கால் கரையில் இருக்கும் பழைய நெல் கிடங்கு. படகில் மூட்டை வந்து இறங்கிய காலத்துக் கட்டடம். தண்ணீர்ப் பக்கம் ஏழு வளைவுகள், கருங்கல் படித்துறை, படகு கட்ட ஒன்பது இரும்பு வளையங்கள் — எதையும் எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது.

கல்யாணம் முடிந்ததும் அந்த ஏழு வளைவுகளையும் ஜேசிபி வைத்து இடிப்பதாக ஏற்பாடு. கார் பார்க்கிங் வேண்டுமாம்! அதுதானப்பா கட்டடத்தின் முகம், ரோட்டைப் பார்த்திருப்பது முதுகு என்று கரடியாய்க் கத்திப் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் யாரு மாமா வரப்போறாங்க?" என்றான் மச்சான்.

 

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை ரோட்டு வாசலில் ஆரத்தித் தட்டுகள், நாதஸ்வரம், சீரியல் லைட். மாப்பிள்ளையைத்தான் காணோம். வளைவுகளையாவது கடைசியாக ஒருமுறை எண்ணலாமென்று சுற்றிக்கொண்டு பின்பக்கம்... மன்னிக்கவும், முன்பக்கம் போனேன். நாலாவது வளைவை எண்ணும்போது மோட்டார் சத்தம்.

மூன்று ஃபைபர் படகுகள்! முதல் படகில் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை. ஆற்றுப் பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். கடலோரக் குடும்பம் — ரோட்டில் காத்துக் கிடப்பார்களா? தண்ணீரில் வந்துவிட்டார்கள். படகுக் கயிறுகள் அந்தத் துருப்பிடித்த வளையங்களில் சொல்லி வைத்தாற்போல் மாட்டின.

ஆனால் படித்துறைப் பக்கத்துக் கதவு? யாரும் வராத கதவுதானே என்று சமையல்காரர் அதன் உள்பக்கம் சாம்பார் அண்டாவை வைத்திருந்தார்.

நான் போட்ட கூச்சலில் அண்டா நகர்ந்தது. ஆரத்தித் தட்டுகள் சமையற்கட்டு வழியே ஓடி வந்தன. தவில்காரர் வாழையிலைக் கட்டைத் தாண்டிக் குதித்தார். சிரித்த சிரிப்பில் என் பல்செட் கழன்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா வளைவுகளை அண்ணாந்து பார்த்தார். "வாசல்னா இது வாசல், சம்மந்தி. எங்களுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு."

சம்மந்தி மெச்சிய வாசலை இடிக்க எந்தப் பெண்ணைப் பெற்றவனுக்குத் துணிச்சல் வரும்? தாலி ஏறுவதற்கு முன்பே ஜேசிபிக்காரருக்குப் போன் போய்விட்டது.

நேற்று மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டான். "மாமா, அங்க எத்தன படகு கட்டலாம்?"

ஒன்பது. எதற்கு எண்ணுகிறாய் என்று இனி எவனாவது என்னைக் கேட்கட்டும்!