கனத்த தேர்

தேயிலைத் தோட்டத்தில் மாயாண்டியை யாரும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்படியில் பதினோரு வருசம். அத்தனை நாளும் "டேய்"தான். அதனால் லிந்துலை லாரிக்காரர் கணேசமூர்த்தி, "வாங்க மாயாண்டி, முன்னாடி உக்காருங்க" என்று கதவைத் திறந்துவிட்டபோதே ஆள் பாதி சாய்ந்துவிட்டான். தோட்டம் தோட்டமாகத் தேயிலை திருடும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் என்பது ஊருக்கே தெரியும். மாயாண்டிக்கும் தெரியும்.

"ஒரே ஒரு தடவதாங்க," என்றான்.

"ஒரு தடவ போதுமே!" என்று சிரித்தார் அவர்.

மாரியம்மன் தேருக்கு அடிப்பெட்டி செய்பவன் மாயாண்டி. 1957 திருவிழாவில், தொழிற்சாலையில் திருடிய ஆறு மூட்டைத் தேயிலையை அதற்குள் அடுக்கிப் பலகை அடித்துவிட்டான். தேர் லிந்துலை போய்ச் சேர்ந்ததும் கணேசமூர்த்தியின் ஆட்கள் இறக்கிக்கொள்வார்கள். நடுவில் தோட்டத்துக் கேட் ஒன்றுதான் கண்டம்.

கேட்டுக்கு முன்னால் ஏற்றம். தேர் நின்றுவிட்டது! இருபது பேர் இழுத்தும் அசையவில்லை. காவல்காரன் ஆண்டியப்பன் தடியோடு வந்து அடிப்பெட்டியில் கை வைத்தான்.

"போன வருசம் இப்புடி கனக்கலையே?"

தொலைந்தோம் என்று மாயாண்டி ஓடப் பார்த்த நேரம், பிள்ளை வரம் கேட்டு ஈரச் சேலையோடு நடந்துவந்த அவன் மனைவி பேச்சியம்மா வீறிட்டாள்: "அம்மா எறங்கிட்டா! நம்ம தேருல வந்து உக்காந்துட்டா!"

கூட்டமே அலறியது. தப்பு மேளம் அதிர்ந்தது. ஆண்டியப்பன் தடியை எறிந்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தானே வடத்தைப் பிடித்தான். தேர் குலுங்கிக் கேட்டைத் தாண்டியது. மாயாண்டி சிரித்தான், கூவினான், இழுத்தான். பிறந்ததிலிருந்து அப்படியொரு சந்தோசம் அவன் கண்டதில்லை!

அதோடு விட்டுவிடத்தான் நினைத்தான். அடுத்த திருவிழாவுக்குப் பெட்டி செய்துகொண்டிருந்தபோது, ஏழு மாத வயிற்றோடு பேச்சியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வருசமும் அம்மா வருவாளாங்க? தேரு கனக்கலேன்னா நம்மள விட்டுட்டுப் போயிட்டான்னு அர்த்தமாம். லயத்து வீடுகள்ல எல்லாரும் பேசிக்கிறாங்க."

கல்லை அடுக்கியிருக்கலாமே என்பீர்கள். அது அவனுக்கும் தோன்றியது. ஆனால் கேட்டைத் தாண்டிய அந்தச் சந்தோசம் கல்லில் ஏது?

உளியைக் கீழே வைத்துவிட்டு லிந்துலைக்கு இறங்கினான். இந்த முறை லாரிக் கதவை அவனே திறந்து, கணேசமூர்த்தியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"ஆறு மூட்ட பத்தாதுங்க," என்றான்.