உடைத்தவரும் கட்டினவளும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரிமோட்டில் பறக்கும் அந்தக் குட்டி விமானம் மண்ணைக் கவ்வியது. தப்பு முழுக்க ஓட்டினவர் மேல்தான். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது இடப்பக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரும்போது அதே தள்ளு அதை நம் வலப்பக்கம் கொண்டுபோகும். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிற மனுஷர், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி குழம்பிவிட்டார். மூக்கு நொறுங்கியது, உடல் இறக்கைக்குப் பின்னால் இரண்டாக முறிந்தது.

"விடு டிரைவர் தம்பி," என்று தோளில் தட்டினார் குட்டி விமானச் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர். "முதல்ல கட்டினதே நீதானே? மறுபடி கட்டிட மாட்டியா?"

டிரைவர் பல்லைக் காட்டினார். பக்கத்தில் உடைசல்களைத் துணிப்பையில் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? கட்டினது அவள். பதினேழு வயதில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், வீட்டு முன்னறைதான் கடை. தையலுக்கு நடுநடுவே ஐந்து மாசம், வரைபடத்தைப் பார்த்து லேசான பால்சா மரத்தை வெட்டி வெட்டிக் கட்டினாள். மைதானத்தில் முதல் நாள் யாரோ "நீங்களா கட்டினது?" என்று கேட்டபோது, இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு இரண்டு வருஷமாக ஓடுகிறது. அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் தன் பெருமையைத் தானே போய்ச் சொல்வதா? அவர் வாயால் வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வீட்டில், துணி வெட்டும் மேஜையில் உடைசல்களைப் பரப்பினாள். டிரைவர் பரிகாரம் தேடுகிறவர்போல் பிளேடை எடுத்து, முறிந்த முனையை நேராகச் சீவப் போனார். கையில் பட்டென்று ஒரு அடி.

"தொடாதீங்க! பிசிறு பிசிறா இருந்தாத்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்க் கவ்வும். சீவினா நீளமும் போச்சு, பலமும் போச்சு."

"எனக்கென்னம்மா தெரியும்?"

"இதை இங்க நல்லா சொல்றீங்க. மைதானத்துல மட்டும் வாய் பூட்டிக்குது!"

மனுஷர் பிளேடைக் கீழே வைத்தார்.

இரண்டு பாதியையும் பொருத்தி, குண்டூசி குத்தி, பசையை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தாள். பசை கூடினால் வால் கனக்கும், வால் கனத்தால் விமானம் தலையைத் தூக்கித் தள்ளாடும். மூக்கில்தான் ஒட்ட மிச்சமே இல்லை. பழுப்புத் தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதியை மட்டும் வரைந்து வெட்டி விரித்தாள். சட்டைக்கு வெட்டுகிற அதே வித்தைதான். அந்தத் தாளை வைத்துப் பால்சாவில் புது மூக்கு வெட்டினாள், இரண்டு பக்கமும் மயிரிழை பிசகவில்லை. கடைசியில் சூடு பட்டால் இறுகுகிற சிவப்பு உறையை மேலே போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் சுருக்கமில்லாமல் இழுத்தாள். தடவிப் பார்த்தால், முறிந்த இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடி சக்கை! என்னை மாதிரி ஒருத்தி உண்டா?" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். யார் கேட்டால் என்ன!

அடுத்த ஞாயிறு, தலைவர் மூக்கிலிருந்து வால்வரை விரலை ஓட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினார். "எங்கேய்யா ஒட்டினே? எல்லாரும் வாங்கப்பா, டிரைவர் தம்பி சொல்லட்டும், கத்துக்குவோம்."

பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் திருதிருவென விழித்து, மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். மாட்டேன் என்று நின்றாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே." மனைவி பக்கம் கையைக் காட்டினார். "நான் உடைச்சதோட சரி. அன்னைக்குக் கட்டினதும் இவதான், இப்பக் கட்டினதும் இவதான். ரெண்டு வருஷமா நீங்க பாராட்டினீங்க, நான் வெக்கமில்லாம வாங்கிக்கிட்டேன்."

தலைவர் மெதுவாகப் போய்ச் சங்கத்தின் பதிவேட்டைக் கொண்டுவந்தார். 'கட்டியவர்' என்ற இடத்தில் டிரைவர் பெயரை அடித்துவிட்டு, பேனாவோடு நிமிர்ந்தார்.

"தங்கச்சி... உங்க பேரு?"

"கொடுங்கண்ணே, நானே எழுதறேன்."

பேனாவை வாங்கி, பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைகிற அளவுக்குப் பெரிசாகத் தன் பெயரை எழுதினாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு ரிமோட்டை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள்.

"பயப்படாம ஓட்டுங்க. உடைஞ்சா நான் இருக்கேன்."