திரி சூவின் குடும்பப் பெயர்

காலை ஒன்பது பத்து. பர்மாவின் சூலே பகோடாவுக்குப் பக்கத்துச் சந்தில், லுங்கி கட்டிய ஒருவர் மடக்கு மேசையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்திருந்தார். விசா விண்ணப்பங்களை நிரப்பித் தருவது அவர் தொழில். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடிதான் தட்டுவார்.

மேசைக் கண்ணாடிக்கடியில் பத்திரிகைப் படங்கள்: ஒரு கால்பந்து வீரர், ஒரு நீதிபதி, ஒரு பாடகி. எல்லோரும் வெள்ளைக்காரர்கள். எல்லோருக்கும் குடும்பப் பெயர் வில்சன்.

“நம்ம சொந்தக்காரங்க தம்பி,” என்றார். கப்பலில் வந்திறங்கிய அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் துறைமுகப் பதிவேட்டில் யாரோ எழுதிவிட்ட பெயர் அது.

“பாடகிக்கு உங்க மூக்குதான்,” என்றேன்.

“பாத்தீங்களா!”

பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. அதனால் பெயரின் கடைசித் துண்டை எடுத்து அதில் போடுவது இங்கே வழக்கம்.

வரிசையில் எனக்கு முன்னால் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பூரில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டில் அவள் பெயர் திரி சூ, அவ்வளவுதான்.

“வில்சன்னு போட்டுரவா, தமி?” என்று மகளைப் பர்மியச் சொல்லால் அழைத்துக் கேட்டார்.

“பாஸ்போர்ட்ல இல்லாததப் போட்டா விசா கிடைக்காதுன்னு ஊருக்கெல்லாம் நீங்கதானேப்பா சொல்றீங்க?”

“ஒரே ஒரு தடவ...”

“வேலை போச்சுன்னா உங்க பாடகி வந்து சோறு போடுவாளா?”

அவர் சிரித்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘சூ’ என்று தட்டினார். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.