ஸ்தாரோகுராவில் ஆறு நாள்

போலந்து நாட்டில் ஸ்தாரோகுரா என்றொரு பழைய ஊர் இருக்கிறது. அதன் நகர மன்றக் கோபுரத்துக்கு நூற்று எழுபத்திரண்டு படிகள். திங்கட்கிழமை மேலே விடமாட்டார்கள். கோட்டை என்று பெயர்தான் பெரிசு, போய்ப் பார்த்தால் மூன்று சுவரும் ஒரு வாசலும்தான் மிச்சம். சதுக்கத்தின் தெற்குப் பக்கம் உப்பு வியாபாரிகளின் வீடுகள் வரிசையாக நிற்கும். ஐந்தாவது வீட்டின் நெற்றியில் ஒரு மீன் செதுக்கியிருக்கும்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கக்கூடிய ஆள் பர்மாவின் யாங்கோன் நகரத்தில் ஒருவர்தான் உண்டு. இருபத்தாறாம் தெரு மார்க்கெட் சந்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, புதுக் கைலி வாங்கி வருகிறவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே மூட்டிக் கொடுக்கும் சுல்தான் பீவி. வயது ஐம்பத்திரண்டு. போலந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். ஸ்தாரோகுராவுக்குள் இறக்கிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பார்.

ஊர் பார்க்கும் ஆசையில் வந்த அறிவு இல்லை இது. பீவிக்கு ஒரே மகன், மாஹிர், இருபத்து மூன்று வயது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்ததிலிருந்து, அந்த வயதில் ஆண்பிள்ளை வைத்திருக்கிற யாரும் இந்த ஊரில் சோற்றை ருசித்துச் சாப்பிடுவதில்லை. பீவி வீட்டு மாடிப்படிக்குக் கீழே இட்லிக் கடை போட்டிருக்கும் ஜெயம்மாவின் மகன் செல்வத்தின் பெயர் சீட்டுக் குலுக்கலில் வந்தது. கூட்டிப் போனார்கள். எட்டு மாதமாக அவனிடமிருந்து ஒரு போன் இல்லை.

அன்றோடு மாஹிர் லான்மடா பேட்டையில் பார்த்துவந்த செல்போன் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு ஐந்தாம் மாடி வீட்டுக்குள் அடைந்துகொண்டான். அவன் இறங்குவதில்லை, போன்கள்தான் ஏறிவந்தன. இங்கே எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. உடைந்த போனைப் பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மணி அடிக்கும், மாஹிர் தூக்கிக்கொள்வான். ரிப்பேர் பண்ணி அதே கயிற்றில் இறக்குவான். ஒரு வருஷமாக அவன் கால் தெருவில் படவில்லை. வாலிபப் பிள்ளை, உடம்பு வெளுத்து, முளைகட்டிய பயறு மாதிரி ஆகிவிட்டான். பீவி அதைப் பார்த்துப் பார்த்து வெந்துபோனார்.

யாரோ சொல்லி, மகனை நாட்டை விட்டு அனுப்ப வழி கேட்டு, கியாக்டடா பேட்டையில் விசா பைல் தயார் பண்ணிக் கொடுக்கும் உதயசூரியனிடம் போனார். உதயசூரியன் விசாவுக்குத் தாள் அடுக்குவதில் மன்னன். பயணத் திட்டம், ஓட்டல் பதிவு, வேலைச் சான்று எல்லாம் அடித்துத் தருவார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு.

"அக்கா, எல்லாப் பயலும் பாரிஸ்னு எழுதுறான். எழுதுனவனெல்லாம் வீட்லதான் உட்கார்ந்திருக்கான். யாரும் கேள்விப்படாத சின்ன ஊரா எழுதணும். பழைய ஊரு, கோட்டை, கோபுரம். நம்ம ஊரைத் தேடி ஒருத்தன் வர்றானேன்னு எம்பசிக்காரங்களுக்கே மனசு இளகும். பையன் போய்க் காலை வைக்கட்டும், மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்."

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பையனை மட்டும் தனியா அனுப்புங்க. நீங்க இங்க இருக்குறதுதான் அவனுக்கு ஜாமீன். தாயை விட்டுட்டுப் போறவன் திரும்பி வருவான்னு நம்புவாங்க."

பீவி உடனே தலையை ஆட்டினார். "அது சரிப்படாது தம்பி. நானும் போறேன். சுத்திப் பாக்கப் போறது நான்னு எழுதுங்க. பொம்பளை அவ்வளவு தூரம் மஹ்ரம் இல்லாம போகக்கூடாது. மகன் துணைக்கு வர்றான்."

மஹ்ரம் என்றால் மார்க்கப்படி பெண்ணோடு பயணத் துணையாக வரத் தகுந்த நெருங்கிய ஆண் உறவு. உதயசூரியன் இந்து. அடுத்தவர் மார்க்கத்தில் வாயைக் கொடுக்கப் பயந்து எழுதிக்கொண்டார். ஆனால் நாம் சொல்லலாம். போன வருஷம் இதே பீவி, நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மாண்டலேக்கு ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போய்விட்டு வந்தவர்தான். அப்போது மஹ்ரம் ஞாபகம் வரவில்லை.

பைல் தயாரானது. ஆறு நாள் திட்டம், நாலு பக்கம். "கேட்டா தடங்காம சொல்லணும்" என்றார் உதயசூரியன். பீவி அதைத் தையல் மிஷினில் ஒட்டிவைத்துக்கொண்டு, கைலி மூட்டும்போதே மனப்பாடம் செய்தார். முதல் நாள் சதுக்கமும் கோபுரமும். இரண்டாம் நாள் கோட்டை. மூன்றாம் நாள் உப்பு வியாபாரிகள் வீடு. நாலாம் நாள் மரத்தால் கட்டிய மாதா கோயில். அங்கே மட்டும் பீவிக்குத் தயக்கம். "பாக்கத்தானே போறீங்க, தொழவா போறீங்க?" என்று உதயசூரியன் சமாதானம் சொன்னார். ஐந்தாம் நாள் ரொட்டி மியூசியம். ரொட்டிக்கு மியூசியம் கட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். ஆறாம் நாள் ஆற்றங்கரை.

மாஹிருக்கு மனப்பாடம் ஓடவில்லை. கோட்டையைக் கொண்டுபோய் ஐந்தாம் நாளில் வைத்தான். "முட்டாப்பயலே, அன்னைக்கு ரொட்டிடா!" என்று பீவி கத்துவார். கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் தாயும் மகனும் அந்தச் சின்ன வீட்டின் இருட்டில் எதிரெதிரே உட்கார்ந்து ஸ்தாரோகுராவைச் சுற்றினார்கள். உண்மையைச் சொன்னால் பீவிக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. திட்டத்தோடு இருந்த படத்தில் அந்தச் சதுக்கத்து பெஞ்சுகளில் வாலிபப் பையன்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை.

நேர்காணலுக்கு மாஹிரைத் தெருவில் இறக்குவதே பெரும்பாடு. முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டி, கார் வாசலோடு ஒட்டி நின்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். விசா அலுவலகத்துக் கணினித் திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பர்மியப் பெண் மொழிபெயர்த்தார்.

"அங்கே எதைப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறீர்கள்?" என்று அதிகாரி பீவியைக் கேட்டார்.

பீவி மனப்பாடத்தை மறந்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அந்தச் சதுக்கத்து பெஞ்சைத்தான். பிள்ளைகள் பயமில்லாம உட்கார்ந்திருக்குறதை ஒரு தடவை பாக்கணும்."

அதிகாரி ஏதோ எழுதினார். அடுத்து மாஹிர். ஆறு நாளையும் ஒரு தப்பில்லாமல் சொன்னான். பீவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லது. நீங்கள் யாங்கோனுக்குத் திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது?"

அதற்கு உதயசூரியன் பதில் எழுதித் தரவில்லை. மாஹிர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கம்மா இங்க இருக்காங்க" என்றான்.

பர்மியப் பெண் மொழிபெயர்க்காமல் பீவியைப் பார்த்தார். பீவி அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் அம்மாவும் உங்களோடுதானே வருகிறார்?" என்று, அவர் கடைசியில் மொழிபெயர்த்ததும், திரையிலிருந்து கேள்வி வந்தது. வேறு காரணம் மாஹிரிடம் இல்லை. இருபத்து மூன்று வயதில் அவனுக்கென்று இந்த ஊர் வேறெதையும் விட்டுவைக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. பீவியின் பாஸ்போர்ட்டில் விசா குத்தியிருந்தது. மாஹிருடையதில் மறுப்புக் கடிதம் செருகியிருந்தது. திரும்பி வருவான் என்று நம்ப முடியவில்லையாம்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதே அக்கா" என்று உதயசூரியன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவனைத் தனியா போட்டிருந்தா கிடைச்சிருக்கும். நான் சொன்னேன், நீங்கதான் மஹ்ரம்னு நின்னீங்க."

பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "மஹ்ரமும் இல்லை, ஒண்ணும் இல்லை தம்பி. அல்லாவுக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு மவுத்தாப் போனதிலிருந்து எனக்கு இருக்குறது இவன் ஒருத்தன். அவனை அனுப்பிட்டு அந்த அஞ்சாம் மாடியில நான் ஒத்தையா உட்கார முடியாதுன்னு பயந்துட்டேன். அதை மார்க்கத்து மேல போட்டுட்டேன். என் பிள்ளை வழியை நானே அடைச்சுட்டேன்."

உதயசூரியன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. நீங்க போங்க. ஆறு நாளும் திட்டப்படி ஒவ்வொரு இடமும் பாருங்க, படம் எடுங்க, நுழைவுச் சீட்டெல்லாம் பத்திரமா வச்சிருங்க. சொன்ன தேதிக்குத் திரும்பி வாங்க. போய்ட்டு ஒழுங்கா வந்த குடும்பம்னு காட்டி அவனுக்கு மறுபடியும் போடலாம். வேற வழி எனக்குத் தெரியலை."

பீவியின் வளையலை விற்ற காசு ஏற்கெனவே டிக்கெட்டாகியிருந்தது. போகாவிட்டால் விசாவும் காலாவதி, மகனுக்கு இருக்கிற ஒரே வழியும் காலாவதி. போனால் வீட்டுக் கதவு தட்டினால் பதில் சொல்ல ஆள் இல்லை. இதுவரைக்கும் பட்டாளத்துக்குப் பிள்ளை தேடி வார்டு ஆபீஸ் ஆள்கள் வந்தபோதெல்லாம் கதவுக்குக் குறுக்கே நின்று, மகன் வெளியூரில் இருக்கிறான் என்று சிரித்துப் பேசி அனுப்பியது பீவிதான். கயிற்றில் போன் ஏற்றிய தெருக்காரர்களும் காட்டிக் கொடுக்கவில்லை.

யோசனை சொன்னது மாஹிர். "வெளியில பூட்டிட்டுப் போங்க உம்மா. பூட்டுன வீட்டை யாரும் தட்டமாட்டாங்க."

அப்படித்தான் முடிவானது. போக வர இரண்டு நாளைச் சேர்த்து எட்டு நாள். அவலும் பிஸ்கட்டும் ஊறவைத்துத் தின்னக் கடலையும் வாங்கினார்கள். அடுப்பு மூட்டக்கூடாது, தாளிப்பு வாசம் காட்டிக் கொடுத்துவிடும். விளக்குப் போடக்கூடாது. கரண்ட் வந்து எல்லா வீட்டிலும் தண்ணி மோட்டார் ஓடும்போது மட்டும் கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்றலாம். இருமல் வந்தால் தலையணை. பால்கனிக் கயிற்றைச் சுருட்டி உள்ளே எடுத்தார்கள். யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போவது என்று பேசிக்கொண்டார்கள். உம்மா வந்ததும் மாஹிர் வெளியூரிலிருந்து வந்துவிட்டான் என்று கயிற்றை மறுபடி இறக்கலாம், தொழில் நடக்கும்.

புறப்படுகிற அன்று பகல் பன்னிரண்டரைக்கு பீவி வீட்டை விட்டு வெளியே வந்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டுப் போடக் கை வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தன் கையால் கம்பிக்குப் பின்னால் வைத்துப் பூட்ட எந்தத் தாய்க்குத்தான் கை வரும்? கடைசியில் மாஹிர்தான் உள்ளேயிருந்து விரலை நீட்டிப் பூட்டை அழுத்தினான்.

"நேரமாச்சு. போங்க உம்மா."

"தொண்டை வலிச்சா சுக்குப் பொடி டப்பாவுல இருக்கு."

"போங்க."

ஐந்து மாடியையும் பெட்டியோடு இறங்கினார். ஜெயம்மா தினமும் பன்னிரண்டுக்குக் கடையை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அந்தக் கணக்கில்தான் நேரம் வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து மாவு மிஞ்சிப்போய், ஜெயம்மா கடையிலேயே இருந்தார்.

"என்னக்கா பெட்டியோட? எங்க பயணம்?"

பீவி சிரித்தார்.

"தம்பி தனியாவா இருக்கான் மேல? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்? நான் இட்லி கட்டி கயித்துல அனுப்பட்டுமா?"

அந்தக் கேள்வியில் வஞ்சகம் இல்லை. மகனைப் பறிகொடுத்தவள் அடுத்தவள் மகனுக்குச் சாப்பாடு அனுப்பக் கேட்கிறாள். சிரித்துவிட்டுப் போக பீவியால் முடியவில்லை.

"மாஹிர் இல்லை ஜெயம்மா. போயிட்டான்" என்றார்.

"எங்க?"

"வெளிநாடு. போன வாரமே. அவன்கிட்டதான் நானும் போறேன்."

ஜெயம்மா இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, பீவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று நீர். "தப்பிச்சுட்டானா? நெசமாவா? எங்க செல்வந்தான் மாட்டிக்கிட்டான், உங்க பிள்ளையாவது பொழைச்சானே! எந்த ஊருக்கா? நல்லா இருக்கானா?"

பீவிக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு வருஷமாக இந்த வார்த்தையை யாரிடமாவது சொல்ல நாக்குத் துடித்திருக்கிறது. வாயில் போட்டதும் இனித்தது. நிறுத்த மனமில்லாமல் மேலே மேலே சொன்னார்.

"நல்லா இருக்கான். பழைய ஊரு, அழகான ஊரு. நூத்தி எழுபத்திரண்டு படி ஏறி கோபுரத்து உச்சியில நின்னுட்டு போன் பண்ணுனான். சாயங்காலம் ஆனா சதுக்கத்துல பெஞ்சுல போய் உட்கார்ந்துக்குவானாம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்குறதில்லையாம்."

"தெருவுல எல்லாருக்கும் சொல்றேன்க்கா" என்று ஜெயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம தெருவுப் பிள்ளை ஒண்ணு பொழைச்சுதுன்னு கேட்டா எத்தனை வயிறு குளிரும்! இந்தாங்க, வழிக்கு நாலு இட்லி."

டாக்ஸி சூலே புத்தர் கோயிலைச் சுற்றிக்கொண்டு போகும்போதுதான் பீவிக்கு உறைத்தது. ஜெயம்மாவிடம் சொன்னால் இருபத்தாறாம் தெருவுக்கே சொன்ன மாதிரி. இந்நேரம் பழக்கடைக்குப் போயிருக்கும், பள்ளிவாசல் பக்கம் போயிருக்கும், வார்டு ஆபீஸுக்கும் போய்விடும். மாஹிர் நாட்டை விட்டுப் போய்விட்டான். எட்டு நாள் கழித்து வந்து பூட்டைத் திறந்தாலும் அவன் பால்கனிக்கு வர முடியாது. கயிற்றை இறக்க முடியாது, ஒரு போனைக்கூட வாங்க முடியாது. பெற்ற தாயே சாட்சி சொல்லி அனுப்பிவைத்தவன் அந்த வீட்டில் இருமக்கூடக் கூடாது. எட்டு நாளுக்கென்று போட்ட பூட்டுக்கு, அவர் வாயாலேயே கணக்கில்லாமல் நாள் நீட்டியாகிவிட்டது.

வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தார். திருப்பிப் போய் ஜெயம்மாவிடம் என்னவென்று சொல்வது?

"விமான நிலையந்தானேம்மா?" என்று டிரைவர் பர்மிய மொழியில் கேட்டார்.

சூடான இட்லிப் பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்" என்றார் பீவி.