எஞ்சினின் கிழக்குப் பக்கம்

ரயில் நிலையத்தின் கிழக்குப் பின்வாசலுக்கு எதிரே கடை வைத்திருந்த தையற்காரரைப் பொய்யர் என்று முடிவுசெய்ய, எஞ்சின்களைப் பார்த்து எண் குறிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ரயில் பார்வையாளர் சங்கத்துக்கு ஒரு தேநீர் ஆறும் நேரமே போதுமானதாக இருந்தது. உடைத்து எடைக்குப் போடப்பட்ட நாற்பத்தொன்றாம் எண் எஞ்சின், சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு தம் கடை முன்னால் போனதாக அவர் சொல்லிவிட்டார். அந்த எஞ்சினுக்கு நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில் செயலாளர் கண்கலங்கி ஆற்றிய உரையோ அச்சாகியே விட்டது. அச்சேறிய பிறகும் ஓர் எஞ்சின் ஓடலாமா?

செயலாளர் வேறு யாருமல்லர். தையற்காரரின் மனைவிக்கு அண்ணன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தபால் செலவு மிச்சம் என்று தையற்காரரைச் சங்கத்திலிருந்து விலக்கும் கடிதத்தைத் தங்கையிடமே கொடுத்தனுப்பிய பெருந்தன்மையாளர். தையற்காரர் அதற்கு உறை போட்டுக் கோப்பில் சேர்த்தார். சேர்க்க முடியாதது ஊர் வாய். கால்சட்டைக்கு அளவெடுத்தால், "இடுப்ப நெஜமாவே பாத்தீங்களா, இல்ல நாப்பத்தொண்ணு மாதிரியா?" என்றார்கள். அளவு நாடாவையே நம்பாத வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு எந்தத் தையற்காரர் பிழைப்பது?

நல்ல வேளையாக, நம் ரயில்வே எங்கே நிற்கக் கூடாதோ அங்கே நிற்பதில் தவறுவதே இல்லை. ஒரு முற்பகலில் சரக்கு ரயில் ஒன்று பெருமூச்சு விட்டு நிலையத்தின் நடுவிலேயே படுத்துவிட்டது. தையற்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு மேம்பாலம் ஏறி இறங்கி, மேற்கு நடைமேடையில் சங்கத்தாரோடு நின்ற மைத்துனரின் கையைப் பிடித்தார்.

"மச்சான், வாங்க. நாப்பத்தொண்ணு நிக்குது."

"கண்ணத் தொடச்சுட்டுப் பாருங்க மாப்ளே. எழுபத்திமூணுன்னு இந்தப் பெருசா எழுதியிருக்கு."

"அது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

"எல்லா எஞ்சினுக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

தையற்காரர் அவரை இழுத்துக்கொண்டே போய்க் கிழக்குப் பக்கம் நிறுத்தினார். நாற்பத்தொன்று.

எஞ்சின் படியில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தப் பக்கத் தகடு துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு சார். ஒடச்ச வண்டியோடதக் கழட்டி மாட்டிட்டாங்க. பெயின்ட் வந்ததும் நம்பர மாத்துவாங்களாம். வரணும்ல?"

"மச்சான், நான் பொய் சொல்லலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும்."

"எழுதலாம். ஆனா அச்சடிச்ச அந்த உரைய என்ன பண்றது?"

சங்கம் கூடி ஆழ்ந்து யோசித்தது. கடிதம் இம்முறையும் தங்கை கையிலேயே வந்தது: தையற்காரர் பொய் சொல்லவில்லை. எனினும் நடைமேடைச் சீட்டு வாங்காமல், கடைவாசலில் நின்று பார்த்த எஞ்சினைச் சங்கம் எஞ்சினாகக் கருத இயலாது, விலக்கல் நீடிக்கும்.

தையற்காரர் முதல் வாக்கியத்தை மட்டும் பெரிதாக்கி நகலெடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அன்று மாலையே தண்டவாளத்துக்குக் கிழக்கே இரண்டாவது சங்கம் உதயமாயிற்று. தலைவர் அவர். செயலாளர் அவர் மனைவி.

"ஏங்க, செயலாளர்னா என்ன பண்ணணும்?"

"உங்கண்ணன் பண்ணாததையெல்லாம் பண்ணணும்."

"அப்ப நெறைய வேலை இருக்கே!" என்று அம்மையார் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார்.