எதிர் நாற்காலிக்காரரின் தட்டு

டயட்டீஷியனிடம் வருகிறவர்கள் முதலில் பொய் சொல்வார்கள், பிறகுதான் உட்காருவார்கள். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்கறி, கீரை, பருப்பு, தவிடு நீக்காத அரிசி எல்லாம் புற்றுநோய் வரும் வாய்ப்பை ஓரளவு குறைக்கும் என்று லேக் கார்டன்ஸ் கிளினிக்கில் நாள் முழுக்கச் சொல்கிறேன். வரவே வராது என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள்.

பரம்பரை சைவம்

வேணு சார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சைவம் என்ற ஒரே தகுதியில் தனக்குப் புற்றுநோய் வராது என்று நம்பினார். தினமும் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஊறுகாய். சாம்பாரில் வரும் காய்களை ஒதுக்கிவிடுவாராம்.

"இந்தத் தட்டு உங்களைக் காப்பாத்தாது சார்" என்றேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கப்பாவும் சைவம்தாம்மா. நமக்கெல்லாம் வராதுன்னு என்கிட்ட சொன்னார், புத்துநோய் வார்டுல படுத்துக்கிட்டு."

பௌதிக்கு எழுதிய சாப்பாடு

காளிகாட்டிலிருந்து சுமித்ரா பௌதி வந்தார். அண்ணியை இங்கே பௌதி என்போம். வகிட்டில் குங்குமம், கையில் வங்காளச் சுமங்கலிகள் போடும் சங்கு வளையல். அம்மாவும் அக்காவும் குடல் புற்றில் போனவர்கள். இவர் குடலிலும் சின்னக் கட்டி ஒன்றை எடுத்திருந்தார்கள். புற்று இல்லை, ஆனால் சாப்பாட்டை மாற்றச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். தினமும் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர். "நான் சாகக் கூடாதும்மா. வீட்ல கதவு திறக்க ஆள் வேணும்" என்று வங்க மொழியில் சொன்னார்.

கறியை நிறுத்தச் சொன்ன கையோடு, எங்கள் சைவ வீட்டுப் பழக்கத்தில் மீனையும் அடித்துவிட்டு, பருப்பு, கீரை, வாழைப்பூ என்று எழுதிக் கொடுத்தேன். பௌதியின் முகம் வெளுத்தது. தாளை மேஜையிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார்.

வரவேற்பில் இருக்கும் ரூபா வங்காளிப் பெண், பௌதியின் தெருக்காரி. என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் மெட்ரோ பிடிக்கக் கிளம்பிய பௌதியின் கணவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. "எங்க பழைய வீடுகள்ல மீனில்லாத சாப்பாடு விதவைக்குத்தான் தீதி. அந்தத் தட்டுல கை வெச்சா, அவர் செத்துட்டார்னு பௌதியே சொன்ன மாதிரி."

மதியச் சாப்பாடு

மனசு கேட்கவில்லை. மறுநாள் மதியம் பௌதியின் வீட்டுக்குப் போனேன். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டது நான்தான். மேஜையில் எதிரெதிராக இரண்டு தட்டுகள். ஒரு நாற்காலியை இழுத்தேன். "அங்க வேணாம்மா" என்று ஸ்டூலைக் காட்டினார். அந்த நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டில் சோறும் மீன் குழம்பும் இருந்தன, யாரும் தொடாமல்.

"மீனை நிறுத்த வேண்டாம் பௌதி. கறியை மட்டும் விடுங்க. தட்டில் பாதி காய்கறி, ஓரத்தில் ஒரு துண்டு மீன்" என்றேன். கேட்டதும் அழுதுவிட்டார். சமையலறைக்குக் கூட்டிப்போய், கணவருக்கு வாழைப்பூ பிடிக்காது, இருந்தாலும் அவருக்கும் அதையே வைக்கலாமா என்று கேட்டார். நான் தலையாட்டி வைத்தேன்.

திரும்பி வந்தபோது எதிர்த் தட்டில் சோறு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கதவு தாழிட்டபடியே இருந்தது. ஜன்னலும் மூடித்தான் இருந்தது. "வீட்டுக்குள்ள பூனை இருக்கா பௌதி?" என்று கேட்டேன். பௌதி அந்தத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "பூனை இப்படி முள்ளை ஓரமா வரிசையா ஒதுக்கி வைக்குமாம்மா?"

வாழைப்பூ

பல மாதம் கழித்துத்தான் பௌதி வந்தார். கறியைத் தொடுவதில்லையாம். மறுபரிசோதனையில் குடலில் புதிதாக எதுவும் இல்லை. இது சாப்பாட்டால்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, ஆனால் அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "முதல்ல முள்ளோட சேத்து ஒதுக்கி வெச்சார்மா. இப்பல்லாம் வாழைப்பூவும் மிச்சமில்ல."

இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்டுத் தட்டை முழுசாகக் காலி செய்த ஒரே ஆள், எனக்கு இன்னும் முகம் காட்டவில்லை.