மரம் விழுந்த அன்று கவிதா எழுதிய பரீட்சை

அறுத்த தைல மரத்தின் வாடை. கூடவே டீசல். அந்தக் காலை எனக்கு மூக்கில்தான் இருக்கிறது...

கொடைக்கானலிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பினோம், நானும் தங்கச்சி கவிதாவும். மதுரையில் அவளுக்கு லா காலேஜ் நுழைவுத் தேர்வு. பத்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். பாதி மலை இறங்குவதற்குள் ரோட்டுக்குக் குறுக்கே மரம். மண்ணும் சேர்ந்து சரிந்ததால் நடந்து தாண்டவும் விடவில்லை.

அப்பா மேல்மலையில் பூண்டு போடுகிறவர். ஒரு தடவை எழுதட்டும், கிடைக்காவிட்டால் பூண்டுக் காட்டு வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான்.

கவிதா மாதிரி வினாத்தாளை எடுத்தாள்.

"சும்மா உக்காந்து என்ன செய்ய? டைம் போடுண்ணே."

போட்டேன்.

பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதிதான் அவளுக்கு உதைக்கும். இங்கிலீஷ் பிரச்சினை இல்லை. பத்தியில் இருப்பதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை எழுதுவாள். அந்தத் தாளில் காட்டுமாடு பயிரை மேய்வது பற்றி ஒரு பத்தி. விவசாயிக்குப் பெரிய நஷ்டமில்லை என்கிறான் எழுதியவன். எங்கள் பூண்டுக் காட்டைக் காட்டுமாடு துவைத்துப் போட்டதைப் பார்த்தவள், அந்த ஆப்ஷனை டிக் அடிக்கவே மாட்டாள். நான் டிப்ளமோ எலக்ட்ரிகல். வயர் எங்கே போகிறதோ அங்கேதான் போகவேண்டும். "ஒன் கதைய எவன் கேட்டான்? பத்தியப் பாரு" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

கீழே ரம்பம் இரைந்துகொண்டே இருந்தது. டிரைவர் இறங்கிப் போய் பீடி பற்றவைத்தார்.

பத்து மணி ஆனது. இரண்டு பேரும் போனைப் பார்த்தோம். அவள் குனிந்து மீதிக் கேள்விகளையும் போட்டாள்.

பின் சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "பரீட்சையா பாப்பா? அடுத்த வருசம் எழுதிக்கலாம், விடு" என்றார்.

"ஆமாங்க" என்றாள்.

பிறகு தாளை என்னிடம் நீட்டினாள்.

"நஷ்டமில்லேன்னே போட்டுட்டேன்ணே. அவன் சொல்றது அதான?"

திருத்தினேன். ஒன்றுகூடத் தப்பில்லை... முதல் தடவையாக.

மறுநாள் காட்டுக்குக் கிளம்பும்போது அப்பா அவளையும் கூப்பிட்டார். போனாள்.

நான் இப்போது ஓசூரில். அந்த வளைவில் தடுப்புச் சுவர் கட்டி, ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். மதுரைக்கு வெரசாப் போய்விடலாம்.

அவளுக்கு அங்கே சோலி ஒன்றும் இல்லை.